தடுப்புக் குழுவுக்கு ஒரு உடும்பு வேண்டும்

பிள்ளைகளே, நேற்று சாப்பிடும்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். வன உயிர்க் குற்றங்களைத் தடுக்க மாநிலத்துக்கு ஒரு வாரியம் அமைக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார். "வாரியம்னா எப்படிப்பா அமைப்பாங்க? முதல்ல என்ன செய்வாங்க?" என்று பெரியவள் கேட்டாள். "அப்பா தெருவிளக்குப் போடறவர். அவரைப் போய்க் கேக்கறியே" என்று சின்னவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன்.

சிரித்ததற்குக் காரணம் வேறு. மாநில வாரியத்தை எனக்குத் தெரியாது. ஆனால் அதன் குட்டி ஒன்று நம் டவுன்ஷிப்பில் பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். அதில் உறுப்பினராகவும் இருந்தேன். கிளப் புல்வெளி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய கம்பிக் கூண்டு ஒன்று கிடந்ததே, சின்ன வயதில் கம்பிக்கு நடுவில் நுழைந்து நுழைந்து வந்து விளையாடினீர்களே, அது என்ன கூண்டு என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காட்டு உயிர்களைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றம், ஆகவே பெரிய தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில் இதைக் கவனிக்க ஒரு குழு அமைத்தால் நல்லது என்று அதில் இருந்ததாம். அமைத்தால் நல்லது என்பதை நம் ஆட்கள் அமைத்தே தீரவேண்டும் என்று படித்துக்கொண்டார்கள். நம் நிலக்கரிச் சுரங்கத்தில் குழு இல்லாமல் ஒரு நட்டைக்கூட முடுக்க மாட்டார்கள். பொங்கல் விளையாட்டுக்கு ஒரு குழு, மலர்க் கண்காட்சிக்கு ஒரு குழு, அந்தக் குழுக்களின் சாப்பாட்டுக்கு ஒரு குழு. இது ஒன்று குறைவாக இருந்தது.

முதலில் தலைவரைத் தேடினார்கள். காட்டைப் பற்றி அனுபவம் உள்ளவர் வேண்டும். அப்படி ஒரே ஒரு பெரிய அதிகாரிதான் இருந்தார். அவருக்கு என்ன அனுபவம் என்றால், இளமையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காடுகாடாகப் போய்ச் சுட்டவர். இது பொய்யில்லை. அவர் பங்களாவுக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற நான் போயிருக்கிறேன். ஹால் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு சிறுத்தைத் தோல், தலையும் பல்லுமாக வாயைத் திறந்தபடி, பாய் மாதிரி விரிந்து கிடக்கும். ஏணியை எங்கே வைப்பது என்று நான் முழித்தபோது அந்த வீட்டு அம்மா, "பாத்துப்பா, அதும்மேல வச்சிடாதே, இப்பத்தான் ஷாம்பு போட்டுக் காய வச்சேன்" என்றார்கள். சுவரில் ஒரு காட்டெருமைத் தலை, இரண்டு ஜோடி மான் கொம்பு. இத்தனை பிராணிகளோடு பழகியவரைவிட வேறு யார் தகுதி?

செயலாளர் பதவிக்கு அலையவே இல்லை. நலத்துறையில் ஒருவர் இருந்தார், எல்லாக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர். கையில் எப்போதும் ஒரு ஃபைல், அந்த ஃபைலுக்குள் ஒரு கர்ச்சீப். அதன்பிறகு லேடீஸ் கிளப் சார்பில் ஒரு அம்மா. அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நாலைந்து பச்சைக்கிளி கூண்டில் தொங்கும். தொழிற்சங்கத்துக்கு ஒரு இடம் என்றார்கள். எந்தச் சங்கத்துக்கு என்று பெரிய தகராறு. கடைசியில், மைக் செட்டும் லைட்டும் போட எப்படியும் வரப்போகிறவன், அவனையே உறுப்பினராகப் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை என்று என் பெயரைச் சேர்த்தார்கள். நான் ஜெனரல் ஷிப்டு, சாயங்காலக் கூட்டத்துக்கு வர முடியும். அதுவும் ஒரு தகுதி.

வீட்டில் சொன்னேன். உங்கள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "காட்டு மிருகத்தக் காப்பாத்தற கமிட்டியா? நம்ம கொல்லப்பக்கம் வார கீரிப்பிள்ளையத் தவிர இந்த ஊர்ல என்ன மிருகம் இருக்கு? உங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்றாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியும் அவளுக்கு நம் டவுன்ஷிப்பின் பெருமை பிடிபடவில்லை.

பெரியவளே, முதலில் என்ன செய்வார்கள் என்று கேட்டாய் அல்லவா? முதலில் பெயர்ப்பலகை செய்வார்கள். குழுவின் பெயர் முழுதும் எழுத வேண்டுமென்று கிளப் வாசலில் கட்டில் நீளத்துக்கு ஒரு பலகை நட்டார்கள். இருட்டில் பெயர் தெரியாது என்று அதற்கு மேலே ஒரு டியூப் லைட். சொன்ன அன்றே சாங்ஷன், அன்றே நான் போய்ப் பொருத்தினேன். ஸ்டோர் யார்டிலிருந்து வெளியே போகிற மண்பாதை வளைவில், கான்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்டு முடிந்து சைக்கிளில் போகிற இடத்தில், ஒரு லைட் கேட்டு எங்கள் செக்ஷனிலிருந்து எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. அங்கே கம்பம் இருந்தது, லைன் இருந்தது, சாங்ஷன் மட்டும் இல்லை. அந்த வளைவுப் பள்ளத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொள்ளாத ஆள் எங்களிடம் கிடையாது. ஆனால் அவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாதே.

பலகைக்குப் பிறகு ரப்பர் ஸ்டாம்ப். அதன்பிறகு ஒரு ஜீப். அதன்பிறகு உபகுழுக்கள். எல்லாம் அமைந்தது. குற்றம் மட்டும் வரவில்லை.

இரண்டாவது கூட்டத்திலேயே தலைவர் மேஜையைத் தட்டினார். "நம்ம டார்கெட் என்ன?" என்றார். நிலக்கரிக்கு டார்கெட் உண்டு, மண் வெட்ட டார்கெட் உண்டு, அதே வாயால் இதையும் கேட்டார். செயலாளர் எழுந்து, "சார், இது தடுப்புக் குழு. குற்றம் இல்லேன்னா நல்லதுதானே" என்றார்.

"குற்றமே இல்லேன்னா நாம என்னத்தத் தடுத்தோம்னு ரிப்போர்ட் எழுதுவீங்க? 'நில்', ஒண்ணுமில்லேன்னு போடுவீங்களா? எங்க டிபார்ட்மென்ட்ல நான் நில் ரிப்போர்ட் அனுப்பினதே கிடையாது."

குழுவின் திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து வனத்துறைப் பக்கத்து அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் ஒரு கேஸாவது வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லாக் கேட் காவல்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் செக்ஷனில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர் ஒருவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். அப்பன் பாட்டன் காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம், இவர் ஒருவர்தான் சைக்கிளை மிதித்து இங்கே வந்து சேர்ந்தார். கம்பம் நட, கேபிள் குழி வெட்ட, ஏணி பிடிக்க எல்லாவற்றுக்கும் அவர்தான். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்ட். அந்த வருஷம் கொஞ்சம் பேரைப் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு வந்து, அவர் பெயரும் போயிருந்தது. பெர்மனென்ட் என்றால் உங்களுக்கு இன்று சாதாரண வார்த்தை. அவருக்கு அது குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கான்ட்ராக்டர் மூஞ்சியைப் பார்த்து விடியாத காலை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் கேபிள் குழியில் ஒரு உடும்பு ஒண்டியிருந்தது. சுரங்கத்துப் பக்கம் புதர் நிலம் முழுவதையும் பெரிய சக்கர மெஷின் வாரிப் போட்டுக்கொண்டிருந்த காலம். இருந்த பொந்தெல்லாம் போய், பாவம், அது டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தேடி வந்திருந்தது. நாங்கள் நாலு பேர் மேலே நின்று கம்பியால் தட்டினோம். அவர்தான் இறங்கி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்து, வாலையும் காலையும் சேர்த்து நாரால் கட்டினார்.

"இன்னா செய்யப் போற?" என்று கூட இருந்தவர் கேட்டார்.

"இன்னா செய்வாங்க? வூட்டுக்கு எடுத்துகினு போயி கொழம்பு வெப்பாங்க. குழியில வுட்டா உங்க கேபிளத் தின்னுட்டுப் பூடும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

சாயங்காலம் ஸ்டோர் யார்டு கேட்டில் காவல்காரர் பையைத் திறந்து பார்த்தார். தினமும் தேடுவது செம்புக் கம்பி. கையை விட்டவர் அலறிக்கொண்டு வெளியே எடுத்தார். பிறகு என்னவென்று பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன். செம்பு பிடித்தால்கூட அப்படி வந்திருக்காது. உடனே போன். ஜீப் வந்தது. ஜீப்புக்கு அதுதான் முதல் சவாரி.

மறுநாள் செயலாளர் அறையில் உடும்பு கொண்டுபோனவரை நிறுத்தினார்கள். இனிமேல் எந்த உயிரினத்தையும் பிடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கேஸ் ரேஞ்சர் ஆபீசுக்கு விழா முடிந்ததும் போகும், அதைப் பொறுத்துத்தான் பெர்மனென்ட் என்றார் செயலாளர். நான் உறுப்பினர் என்ற முறையில், "சார், குழியிலேர்ந்து எடுக்கச் சொன்னது நாங்கதான்" என்றேன். "அது மினிட்ஸ்ல வராது" என்றார்.

பிடிபட்டவருடைய சம்சாரமும் வந்து வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தாள். வயலில் நடவுக்குப் போகிற பொம்பளை, யாருக்கும் பயந்த சுபாவம் கிடையாது. செயலாளர் வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஏங்க சார், ஒரு உடும்பு புடிச்சதுக்கு கேசுன்றீங்க. உங்க மெஷினு அந்தாண்ட காட்டையே வாரிகினு போச்சே, அதுல எத்தினி உடும்பு போயிருக்கும்? அதுக்கு எந்த கேட்டுல பை செக் பண்ணீங்க?"

செயலாளர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதுவும் மினிட்ஸில் வரவில்லை.

உடும்பு ஒரு சாட்சிப் பொருள். விழா வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், மெட்ராஸ் அதிகாரி கையால் அதை விடுதலை செய்ய வேண்டும். ஆகவே கூண்டு. ஒர்க்‌ஷாப்புக்கு ஆர்டர் போயிற்று. பிள்ளைகளே, நம் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிக் குறைசொல்ல மாட்டேன். மலையை நகர்த்துகிற மெஷினுக்குப் பல் கட்டித் தருகிறவர்கள். கூண்டு என்றதும் அவர்கள் கைக்குப் பழகிய கம்பியை எடுத்தார்கள். அது கட்டைவிரல் தடிமன். அடியில் இரும்புத் தகடு. யானையைக் கொண்டுவந்து அடைத்தாலும் அது ஓரமாக உட்கார்ந்து அழும். கிரேன் வைத்துத்தான் லாரியில் ஏற்றினார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்து, 'பாதுகாப்பே முதல்' என்று நெற்றியில் எழுதியிருந்தார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று வரைபடத்தில் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த விதிப்படி வைத்துவிட்டார்கள். உயரமான மெஷின்களில் நடைபாதைக்குக் கைப்பிடிக் கம்பி வைப்பார்களே, அந்த விதி. ஆள் தவறி விழக்கூடாது.

உடும்பு ஆள் இல்லை.

காலையில் தலைவர் முன்னிலையில் செயலாளரே தன் கையால் நாரை அறுத்து அதைக் கூண்டுக்குள் விட்டார். கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார். பூட்டும் பெரிது. உடும்பு கொஞ்சநேரம் படுத்திருந்தது. நாக்கை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் இரண்டு கம்பிக்கு நடுவில் வெளியே வந்து, புல்வெளியைக் கடந்து, செயலாளர் ஷூவுக்குப் பக்கமாக நடந்து, சாக்கடையில் இறங்கிப் போய்விட்டது. யாரும் பிடிக்கவில்லை. பிடிப்பது குற்றம் என்று ஒரு மாதமாக நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

தலைவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "பூட்டு ஸ்டெடியாத்தான் இருக்கு" என்றார்.

சாட்சி போய்விட்டது, இனி கேஸ் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். எனக்கு நிர்வாகம் தெரியவில்லை. கேஸ் போனால் விழா போகும், விழா போனால் குழு போகும். சாயங்காலமே செயலாளர் என்னையும் அழைத்துக்கொண்டு எங்கள் யார்டுக்கு வந்தார். கம்பத்துக்கு அடியில் குழி வெட்டிக்கொண்டிருந்த நம் ஆளைக் கூப்பிட்டார்.

"இன்னொரு உடும்பு பிடிச்சுத் தரணும்" என்றார்.

அவர் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "சார், புடிக்க மாட்டேன்னு எழுதி வாங்கினீங்களே."

"அது உனக்காகப் பிடிக்கிறது. இது கமிட்டிக்காக."

"உடும்புக்குத் தெரியுங்களா சார், யாருக்காகன்னு?"

செயலாளர் ஃபைலை விரலால் தட்டினார். "உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. இருக்கணுமா வேண்டாமானு யோசிச்சுக்கோ. ஒத்துழைப்பு குடுத்தான்னு நான் ஒரு வரி எழுதலாம். இல்லேன்னா இல்லேன்னு எழுதலாம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

நம் ஆள் என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு உடும்பு பிடித்ததற்குக் கேஸ். இரண்டாவது பிடித்தால் அந்தக் கேஸ் லேசாகும். இரண்டாவது பிடிக்காவிட்டால் முதலாவது கனமாகும். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கு எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஜீப்பில் போனோம். குற்றத் தடுப்பு என்று முன்னால் எழுதிய ஜீப். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் மிச்சம் இருந்த புதரில் அவர் மண்டியிட்டுப் பொந்து பொந்தாகப் பார்த்துக்கொண்டு போனார். செயலாளர் மூக்கில் கர்ச்சீப்போடு பின்னால் போய், "மெதுவா, மெதுவா. அடி படக்கூடாது. சட்டத்துல பெரிய பட்டியல்ல இருக்கிற பிராணி" என்றார். அவர் பொந்துக்குள் தோள் வரைக்கும் கையை விட்டபடி, "பட்டியல்ல இருக்குதா? அதுக்காச்சும் பெர்மனென்ட் ஆயிடுச்சே" என்றார். டிரைவர் சிரித்துவிட்டு, செயலாளர் திரும்பியதும் இருமினார்.

கிடைத்தது. இந்தத் தடவை கூண்டைச் சுற்றிக் கோழிவலை அடித்தோம்.

விழா மேடை வெறிச்சென்று இருக்கக்கூடாது, காட்டுச் சூழல் வேண்டும் என்றார் செயலாளர். தோட்டப் பிரிவு பூந்தொட்டி கொடுத்தது. மிருகத்துக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம், பங்களாக்களில் இருந்தது. தலைவர் வீட்டிலிருந்து சிறுத்தை, காட்டெருமை, மான் கொம்பு. மற்ற இரண்டு மூன்று வீடுகளிலிருந்து புள்ளிமான் தோலும் இன்னும் சில கொம்புகளும். லைட் பொருத்துவதற்காக எல்லாவற்றையும் முதலில் எங்கள் யார்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சிறுத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியவர் யார் தெரியுமா? உடும்புக் கேஸில் இருக்கிற அதே மனிதர். அதே கேட். அதே காவல்காரர் எட்டிப் பார்த்தார். சிறுத்தை வாயைத் திறந்து அவரையே பார்த்தது.

"என்ன லோடு?"

"ஃபங்ஷன் சாமான்" என்றேன்.

"சரி, போ."

வண்டி உள்ளே போனதும் இவர் என் காதில், "அண்ணே, நானும் அந்த உடும்ப செத்தப்புறம் காய வெச்சி எடுத்துகினு வந்திருக்கணும் போல" என்றார்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குவார்ட்டர்ஸில் ரிப்பேருக்கு ஃபேன் கழற்றினால், எந்த வீட்டு ஃபேன் என்று மாறிப்போகாமல் பின்னால் சாக்பீஸால் வீட்டு நம்பரைப் போட்டுவிடுவோம். ஒரு வீட்டு ஃபேன் இன்னொரு வீட்டுக்குப் போனால் பெரிய ரகளை ஆகும். அதே பழக்கத்தில் சிறுத்தைத் தோலுக்கு அடியில் தைத்த துணி, எருமையின் மரப்பலகை, கொம்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நான் நம்பர் போட்டு வைத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டியவன் நான்தானே.

மெட்ராஸ் அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், அதிகம் பேசவில்லை. கூண்டைப் பார்த்தார், உடும்பைப் பார்த்தார், தலையை ஆட்டினார். மேடை ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். சிறுத்தையின் மேல் நான் ஃபோகஸ் லைட் வேறு போட்டிருந்தேன்.

"இது யாரோடது?" என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை, சிறுத்தையைத் தவிர.

"இதுக்குச் சான்றிதழ் இருக்கா? சட்டம் வந்தப்பவே, வீட்டுல இருக்குன்னு அறிவிச்சிருக்கணுமே."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேடைக் கூரையிலிருந்த ஃபேனைப் பார்த்தார். "டெக்கரேஷன் லேபருங்க எங்கேயோ இருந்து கொண்டாந்திருக்காங்க. நான் கவனிக்கலே" என்றார்.

"எந்த லேபர்?"

செயலாளரின் விரல் தானாக நீண்டது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நம் ஆள் மேல் போய் நின்றது. "இவன்தான் தூக்கிட்டு வந்தான் சார். இவன் மேல ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு."

அவர் தோள் துண்டு கைக்கு வந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்ற அவர் சம்சாரம், அந்த வாயாடி, அவளும் பேசவில்லை. ஒரு வார்த்தை தவறினால் அத்தனை வருஷமும் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெர்மனென்ட் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. குவார்ட்டர்ஸும் ஆஸ்பத்திரியும் இல்லை. வாயைத் திறக்கலாம், அவ்வளவுதான். நான் பெர்மனென்ட்.

"சார், காணாமப் போயிடும்னு யாரும் பயப்பட வேண்டாம்" என்றேன். "சாயங்காலமே நான் அந்தந்த வீட்டுல திருப்பி மாட்டிடுவேன். பின்னாடி நம்பர் போட்டிருக்கேன். சிறுத்தை நம்ம தலைவர் வீட்டு ஹால், ஃபேனுக்கு நேர் கீழே. எருமைத் தலையும் அங்கதான், கிழக்குச் சுவரு. இவரு நாங்க சொல்லித்தான் தூக்கினாரு."

மெட்ராஸ் அதிகாரி குனிந்து சிறுத்தையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "டீ சாப்பிடலாமா?" என்றார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் செயலாளரோடு சேர்த்து மூன்று பேரும் போனார்கள். ஒரு தடவை டீ போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டீ போனது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எளிய கணக்குதானே. ஒரு கேஸ் எழுதினால் இரண்டாவதும் எழுத வேண்டும். உடும்பை விட்டால்தான் சிறுத்தையை விட முடியும். நம் ஆளுடைய அதிர்ஷ்டம், தலைவர் வீட்டுச் சிறுத்தை கொஞ்சம் பெரியது.

வெளியே வந்து மெட்ராஸ் அதிகாரி பேசினார். தண்டனையைவிட விழிப்புணர்வே முக்கியம் என்றார். பழைய காலத்து வேட்டைப் பொருள்களைப் பொதுமக்கள் கல்விக்காகக் காட்சிக்கு வைக்க மனமுவந்து முன்வந்த தலைவரைப் பாராட்டினார். தலைவருக்குச் சால்வை. பிறகு, கண்டெடுத்த ஒரு அரிய உயிரைத் தானாகவே குழுவிடம் ஒப்படைத்த தொழிலாளத் தோழரையும் பாராட்டுவதாகச் சொன்னார். நம் ஆள் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார்கள் என்று தேடினார். செயலாளர் அவரைத் தோளைப் பிடித்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கும் சால்வை. எல்லாரும் கைதட்டினோம். கிளி வளர்க்கிற அம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

உடும்பை விடுதலை செய்தார்கள். அது தன் தம்பியோ அண்ணனோ போன அதே சாக்கடையில் இறங்கிப் போனது.

சால்வையோடு வேலிக்கு வெளியே போனவரை அவர் சம்சாரம் மேலும் கீழும் பார்த்தாள். "இத்தப் போட்டுகினு கேட்டாண்ட போனா பை செக் பண்ண மாட்டாங்களா?" என்றாள். அப்புறம் அதை வாங்கி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். கண் மட்டும் ஈரமாக இருந்தது. போகும்போது என்னிடம், "வரேங்கண்ணே" என்றாள், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துப் பெர்மனென்ட் பட்டியல் வந்தது. அவர் பெயர் இருந்தது. வன உயிர்ப் பாதுகாப்புக்காகப் பாராட்டுப் பெற்றவரை எப்படி விட முடியும்? அவரை முன்னால் வைத்துத்தான் பட்டியலையே அறிவித்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார், நீங்கள்தான் தின்றீர்கள். ஆனால் அவரோடு கூடவே அத்தனை வருஷம் குழி வெட்டியவர்கள், எந்தப் பிராணியையும் தொடாதவர்கள், எந்தக் கேஸிலும் மாட்டாதவர்கள், அவர்கள் பெயர் இல்லை. அதில் ஒருவர் கம்பத்தடியில் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்.

"அண்ணே, நீங்க கமிட்டி மெம்பராச்சே. நாங்களும் ஆளுக்கொரு உடும்பு புடிச்சிகினு கேட்டுல நிக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் மிச்ச டீயைக் கம்பத்தடியில் கொட்டினேன்.

குழு அதற்குப் பிறகு கூடவில்லை. கலைக்கவும் இல்லை. ஜீப் வேறு குழுவுக்குப் போனது. கூண்டை நகர்த்தக் கிரேன் வேண்டும், கிரேனுக்குச் சாங்ஷன் வேண்டும், ஆகவே கோழிவலையை மட்டும் கழற்றிக்கொண்டோம், கூண்டு உங்களுக்கு விளையாட்டுச் சாமான் ஆயிற்று. சிறுத்தை தன் ஃபேனுக்குக் கீழே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது, நானே கொண்டுபோய் விரித்தேன். பலகை மட்டும் நின்றது. அதற்கு மேலே என் டியூப் லைட், யாரும் கூடாத கூட்டத்துக்கு, யாரும் படிக்காத பெயருக்கு, பகலிலும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. வாரியம் எப்படி அமைப்பார்கள் என்று கேட்டீர்கள். இப்படித்தான் அமைத்தார்கள். மாநிலத்துக்கு வருவது இதைவிட நல்லதாக இருக்கட்டும்.

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் மட்டும் கிளப் வாசலுக்குப் போனேன். பலகைக்கு மேலிருந்த டியூப் லைட்டைச் சட்டத்தோடு கழற்றினேன். பின்னால் சாக்பீஸால் எந்த நம்பரும் போடவில்லை. ஸ்டோர் யார்டு மண்பாதை வளைவுக்குக் கொண்டுபோய், சும்மா நின்றிருந்த அந்தக் கம்பத்தில் ஏறி மாட்டினேன். லைனைச் சேர்த்தேன். இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது. கீழே பள்ளம் தெரிந்தது. இறங்கி, காலால் மண்ணைத் தள்ளி அதைக் கொஞ்சம் மூடிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.